பத்தாயிரம் ரூபாயோடு முடிவதில்லை!

குடித்துவிட்டு ஓட்டினால் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், சொத்து... எதெல்லாம் கைவிட்டுப் போகும்?

இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் கடைகளின் ஷட்டர் இறங்குகிறது. அதன் பிறகு சாலைச் சந்திப்புகளில் தடுப்புகளைப் போட்டு நிற்கும் போக்குவரத்துப் போலீஸார், வண்டிகளை ஓரங்கட்டி, ‘ஊதுங்க’ என்று கருவியை நீட்டுகிறார்கள். மாட்டிக்கொள்பவரின் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கணக்கு. ஃபைன் பத்தாயிரம். யாரிடம் புரட்டலாம்? வண்டியை எப்போது வெளியே எடுக்கலாம்?

அந்தக் கணக்கு தப்பு. ‘டிரங்க் அண்ட் டிரைவ்’ வழக்கில் பத்தாயிரம் ரூபாய் என்பது நுழைவுக் கட்டணம் மட்டுமே. மிச்சத் தண்டனை இரண்டு இடங்களில் காத்திருக்கிறது. ஒன்று, ஓட்டுநர் உரிமப் பதிவு. இன்னொன்று, நம்மில் பெரும்பாலானோர் ஒரு முறைகூடப் படித்துப் பார்க்காத இன்ஷூரன்ஸ் பாலிசி. விபத்து ஏதும் நடக்காவிட்டால் முதலாவதோடு தப்பிக்கலாம். விபத்து நடந்து ஓர் உயிர் போய்விட்டால், இரண்டாவது அந்தக் குடும்பத்தின் வீட்டுப் பத்திரம் வரை வந்து நிற்கும்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105 விபத்துகள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கின் வேர்களில் ஒன்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தது. சாலையும் சாராயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், அதற்கான சட்ட விலையும் பண விலையும் பலருக்குத் தெரியவில்லை.

30 மில்லிகிராம் என்னும் கோடு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 185-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல், முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு முன்பு முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 2,000 ரூபாய்தான்.

சிக்னலைத் தாண்டினால், ஹெல்மெட் போடாவிட்டால் கட்டுகிறோமே, அது போன்ற அபராதம் அல்ல இது. அவை சமரசமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. அந்தப் பட்டியலில் 185-வது பிரிவு இல்லை. நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது, சட்டத்தின் பார்வையில் ‘ஃபைன் கட்டியது’ ஆகாது. குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியதாகவே பொருள்.

ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. அப்படி மறுப்பதையே எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு இடம் தருகிறது. எலுமிச்சைச் சாறு, மோர், கறுப்புக் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது. அதைக் கரைப்பது கல்லீரல். அதன் வேகம் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம். நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவில் படுத்தவருக்கு, காலை ஆறு மணிக்கும் 30 முதல் 60 வரை மிச்சம் இருக்கலாம். ‘ராத்திரி குடிச்சது, தூங்கி எழுந்தாச்சு’ என்று பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பும் அப்பாவும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடும்.

லைசென்ஸில் விழும் கறை

பிடிபட்டவரின் லைசென்ஸைக் கைப்பற்றி, உரிமம் வழங்கிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போலீஸார் அனுப்ப வேண்டும் என்கிறது 2019-ல் சேர்க்கப்பட்ட சட்ட விதி. அங்கே விளக்கம் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். அது ஏற்கப்படாவிட்டால், முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் சட்டம் அனுமதிக்கிறது. உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் புத்தாக்கப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

இது ஆர்.டி.ஓ. எடுக்கும் நடவடிக்கை. நீதிமன்றத்தின் தண்டனை தனி. 185-வது பிரிவில் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் நீதிமன்றம், குறைந்தது ஆறு மாதத்துக்கு அவரை வண்டி ஓட்டத் தகுதியற்றவர் ஆக்க வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. கால் டாக்ஸி ஓட்டுபவருக்கும், லோடு வண்டி ஓட்டுபவருக்கும், ஸ்கூட்டரில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் ஆறு மாதம் என்பது ஆறு மாதச் சோறு.

தகுதி நீக்க உத்தரவு லைசென்ஸிலும் பதிவாகும். புது லைசென்ஸ் வாங்கினாலும், தொலைந்துவிட்டதாக நகல் வாங்கினாலும், அந்தக் குறிப்பு கூடவே வரும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேறு எந்தக் குறிப்பும் விழாமல் இருந்தால்தான் கறையில்லாத லைசென்ஸ் கேட்கும் உரிமையே பிறக்கும். முன்பு ஒரு மாவட்டத்தில் மறைத்து இன்னொரு மாவட்டத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள் உண்டு. இப்போது உரிமங்கள் ‘சாரதி’ என்ற கணினித் தளத்தில், நாடு முழுவதுக்குமான ஒரே பதிவேட்டில் இருக்கின்றன.

தகுதி நீக்கக் காலத்தில் வண்டியை எடுத்தால் அது தனிக் குற்றம்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தகுதி நீக்கம் செய்யப்படாத, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவர்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு வாகன பாலிசியிலும் உள்ள நிபந்தனை. அந்த ஆறு மாதத்தில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்.

‘ஃபுல் கவர்’ எதை மூடாது?

‘ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன், பம்பர் டு பம்பர்’ என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியின் விதிவிலக்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். உரிமையாளரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு ஓட்டுபவரோ, மது அல்லது போதைப் பொருளின் பிடியில் இருக்கும்போது வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. எந்தக் கம்பெனியின் பாலிசியாக இருந்தாலும் இந்த வரி இருக்கும். தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு பெற, கூடுதல் பணம் கட்டி வாங்கும் ‘ஜீரோ டெப்’ போன்ற இணைப்புகளும் இதைத் தாண்டி உதவாது.

பத்து லட்ச ரூபாய் கடனில் வாங்கிய கார் உருத்தெரியாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விபத்தென்றால் ஐ.டி.வி. எனப்படும், பாலிசியில் குறித்த வண்டி மதிப்பைக் கம்பெனி கொடுக்கும், வங்கிக் கடன் தீரும். போதையில் நடந்த விபத்தென்றால் கார் இல்லை, கிளெய்ம் இல்லை, இ.எம்.ஐ. மட்டும் மாதா மாதம் தொடரும்.

‘கருவியில் ஊதவே இல்லையே, ரத்தமும் எடுக்கவில்லையே, எப்படி நிரூபிப்பார்கள்?’ என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பதில் சொல்லிவிட்டது. 2007 டிசம்பர் 22 அதிகாலை, டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓட்டியவரிடம் மது வாடை வீசியதாக மருத்துவக் குறிப்பு இருந்தது. ஊதும் சோதனையோ, ரத்தப் பரிசோதனையோ நடக்கவில்லை. இஃப்கோ டோக்கியோ நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் காரின் உரிமையாளரான பேர்ல் பெவரேஜஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ அந்த உத்தரவை ரத்து செய்தது. போதையில் ஓட்டினார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத்தான். ஆனால், அதற்கு 185-வது பிரிவின் கீழ் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, விபத்து நடந்த நேரம், விதம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தும் முடிவுக்கு வரலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அரசு மருத்துவமனையில் எழுதப்படும் ‘ஏ.ஆர். காப்பி’ என்னும் விபத்துப் பதிவேட்டு நகலில் ‘மது வாடை’ என்ற ஒரு குறிப்பு எவ்வளவு கனமானது என்பது இதிலிருந்து புரியும். எஃப்.ஐ.ஆரோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் தேடிப் பார்க்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

அந்த 15 லட்சமும் இல்லை

வண்டி போனால் போகட்டும், ஓட்டியவரே இறந்துவிட்டால்? உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் தரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. முன்பு கார்களுக்கு 2 லட்சமும் இரு சக்கர வாகனங்களுக்கு 1 லட்சமுமாக இருந்த தொகை 2018-ல் உயர்த்தப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. அந்தக் காப்பீட்டிலும் மதுவுக்கு விலக்கு உண்டு. கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இன்ஷூரன்ஸ் அலுவலகப் படியேறும் பெண்ணுக்குக் கிடைப்பது மறுப்புக் கடிதமாகத்தான் இருக்கும். குடித்தவர் அவர் அல்ல. தண்டனை அவருக்கு.

கொடுத்துவிட்டு வசூலிப்பார்கள்

இதுவரை சொன்னவை குடித்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வரும் இழப்புகள். இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

மோதப்பட்டவர் எந்தத் தவறும் செய்யாதவர். ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக மோதப்பட்டவரின் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நீதிமன்றங்களும் அந்த நோக்கத்தைக் காத்து வருகின்றன. ஓட்டுநர் போதையில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டும், பிறகு அதை ஓட்டுநரிடமிருந்தும் உரிமையாளரிடமிருந்தும் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்கள் இதை ‘பே அண்ட் ரெகவர்’ என்பார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தம் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் கையை மேலும் வலுப்படுத்தியது. போதையில் ஓட்டியதை பாலிசி நிபந்தனை மீறலாக எடுத்துவைத்து வாதாட, சட்டத்தின் 150-வது பிரிவே இப்போது அவர்களுக்கு இடம் தருகிறது. இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அந்த வசூல் எவ்வளவு இருக்கும்? உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துத் தந்த முறையில் ஒரு கணக்குப் போடலாம். மோதியதில் இறந்தவர் 30 வயது எலெக்ட்ரீஷியன், சுயதொழில், மாத வருமானம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம். எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவிகிதம் சேர்த்தால் 4,20,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 3,15,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக, 53,55,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தினர் இழந்த துணைக்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

இந்தத் தொகையை இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்தக் குடும்பத்துக்குக் கட்டிவிட்டு, வண்டி உரிமையாளர் மீது திரும்பும். அதற்குத் தனியாக ஒரு வழக்குப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை, நிறைவேற்று மனு மூலமாகவே வசூலிக்கலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. வாகனம், நிலம், வீடு என்று ஜப்தி நடவடிக்கை நீளலாம். 53 லட்சத்துக்கு முன்னால் அந்தப் பத்தாயிரம் எம்மாத்திரம்?

இது பணத்தின் பக்கம். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வரும் குற்றவியல் வழக்கு தனி. அதில் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு.

சாவி கொடுத்தவருக்கும் பங்கு உண்டு

‘நான் ஓட்டவில்லை, வண்டி மட்டும்தான் என்னுடையது’ என்று சொல்லித் தப்ப முடியாது. விபத்து இழப்பீட்டில் முதல் பொறுப்பு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். குடித்திருக்கிறான் என்று தெரிந்தே மைத்துனனுக்குச் சாவியைத் தூக்கிக் கொடுத்தவர், கல்யாண வீட்டிலிருந்து ‘நீயே ஓட்டுடா மாப்ள’ என்று நண்பனை உட்காரவைத்தவர், எல்லோரும் இந்தச் சங்கிலிக்குள் வருகிறார்கள். போதையில் ஓட்டுவதற்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-வது பிரிவு. பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்குப் பாயும் என்று 2022-ல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் அறிவித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

சிலர் விபத்து நடந்த பிறகு ஆளை மாற்றப் பார்க்கிறார்கள். ‘டிரைவர்தான் ஓட்டினார்’ என்று குடிக்காத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சிசிடிவி, செல்போன் டவர் விவரம் என்று இன்று எல்லாமே சாட்சி. 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்த வழக்கில், ரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அரசு மருத்துவமனை மருத்துவர்களே கைதானார்கள். ஒரு குற்றத்தை மறைக்கப் போனால் அது இன்னும் பலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்.

பிரீமியம் ஏறுமா?

வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கசப்பானது. பிரிட்டனில் மது போதையில் ஓட்டித் தண்டனை பெற்றால், ‘டி.ஆர்.10’ என்ற குறியீடு ஓட்டுநர் பதிவில் 11 ஆண்டுகள் இருக்கும். ஐந்து ஆண்டுகள் வரை, இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 10 ஆண்டுகளுக்கு, நல்ல ஓட்டுநருக்கான கட்டணச் சலுகை கிடையாது. சிங்கப்பூரில் முதல் குற்றத்துக்கே குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓட்டத் தடை, பிறகு எல்லாத் தேர்வுகளையும் எழுதி லைசென்ஸைப் புதிதாக எடுக்க வேண்டும். அங்கெல்லாம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் தேர்ட் பார்ட்டி பிரீமியம் வண்டியின் இன்ஜின் திறனை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்று அது பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு கீறல் விழாமல் ஓட்டும் ஆசிரியரும், இரண்டு முறை போதையில் பிடிபட்டவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். இதை மாற்ற, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2021 ஜனவரியில் ஒரு வரைவை வெளியிட்டது. போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் போட்டு, அதற்கேற்பக் கூடுதல் பிரீமியம் வாங்கலாம் என்றது அந்த வரைவு. தவறான பார்க்கிங்குக்கு 10 புள்ளி, போதையில் ஓட்டுவதற்கு 100 புள்ளி. 2022 ஜூலையில், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் இணைப்புத் திட்டங்களுக்கும் ஆணையம் அனுமதி தந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. அந்த வரைவு முழு வடிவில் நாடெங்கும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே நம் கருத்து. ஒழுங்காக ஓட்டுபவர், ஒழுங்கற்றவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது நியாயம் இல்லை.

இதைக் கவனியுங்கள்

* குடிக்கப் போகும் இடத்துக்கு வண்டியை எடுத்துப் போகாதீர்கள். போனால், ஆக்டிங் டிரைவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் கேட்பது சில நூறு ரூபாய்.

* போலீஸார் நிறுத்தினால் ஊத மறுக்காதீர்கள். கருவி காட்டிய அளவு தவறு என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது சட்டம்.

* நீதிமன்றத் தேதியையும் ஆர்.டி.ஓ. விசாரணையையும் தவறவிடாதீர்கள். தகுதி நீக்கக் காலத்தில் வண்டிச் சாவியை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

* விபத்து நேர்ந்தால் ஓடாதீர்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் போலீஸுக்குச் சொல்வதும் ஓட்டுநரின் சட்டப்படியான கடமை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் உண்மையை மட்டும் சொல்லுங்கள்.

* உங்கள் குடும்பத்தில் ஒருவர் குடித்த வண்டியோட்டியால் பாதிக்கப்பட்டிருந்தால், ‘இன்ஷூரன்ஸ் கிடைக்காது’ என்று யார் சொன்னாலும் நம்பி ஒதுங்கிவிடாதீர்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்வதால், தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடிப்பதா, வேண்டாமா என்பது ஒருவர் தன் உடம்போடும் குடும்பத்தோடும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பது அப்படி அல்ல. அந்த நிமிடமே அது சாலையில் போகும் ஒவ்வொருவரின் விஷயமாகிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் என்பது எதிர்பாராமல் நடப்பதற்கான பாதுகாப்பு. போதையில் நடக்கும் விபத்து எதிர்பாராதது அல்ல. அதனால்தான் சட்டமும் பாலிசியும் ஒரே குரலில் சொல்கின்றன: பாதிக்கப்பட்டவரைக் காப்போம், குடித்து ஓட்டியவரைக் காக்க மாட்டோம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாகன பாலிசியை எடுத்து, விதிவிலக்குகள் உள்ள பக்கத்தை ஒரு முறை படியுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரிடமும் அதைப் படிக்கக் கொடுங்கள்.